பாசி படிந்த நீரும் நம் பொறுப்பும்



ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்கப் பாடநூல்களுள் ஒன்றான அபூ ஷுஜாஉ இமாமின் சிறு கிதாபை ஓதத் தொடங்கும் மாணவனுக்கு முதல் பாடமே தண்ணீர்தான். மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர், பனிநீர், ஆலங்கட்டிநீர் என ஏழு வகை நீரால் சுத்தம் செய்யலாம் என்பது பாடம். விரிவுரைகளுக்குள் நுழைந்ததும் ‘துஹ்லுப்’ என்றொரு சொல் வரும். ஓதுபிள்ளைகள் அதற்குப் பொருள் கேட்கும்போது நான் அகராதியைத் தேடுவதில்லை. எங்கள் வகுப்பறையின் சன்னலுக்கு நேர் கீழே பள்ளிவாசலின் ஹவுள் இருக்கிறது. “அதோ, படிக்கட்டில் பச்சையாக வழவழவென்று இருக்கிறதே, அதுதான் துஹ்லுப்” என்று கைகாட்டி விடுவேன்.

பாசியால் நிறம் மாறிய நீரின் சட்டம் நம்மில் பலருக்குத் தெரியாது. நெடுநாள் தேங்கியதாலோ, அடியிலுள்ள மண்ணாலோ, தானாக முளைத்த பாசியாலோ நீரின் நிறமும் மணமும் மாறினால், அது தூய்மையான நீர். தூய்மைப்படுத்தவும் வல்ல நீர். அதில் ஒளு கூடும், குளிப்பும் கூடும். ஹனஃபி மத்ஹபிலும் இதுவே முடிவு. எனவே பச்சைத் தண்ணீரைக் கண்டதும் ‘நஜீஸ்’ என்று முகம் சுளிப்பவர் சட்டத்தை அறியாதவர்.

ஆனால் சட்டத்தில் பாதியை மட்டும் அறிந்தவர்களால்தான் எங்கள் ஹவுள் கெட்டது. “பாசி படிந்த தண்ணீரில் ஒளு கூடுமென்று ஹஜ்ரத்மார்களே சொல்லியிருக்கிறார்களே, அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்?” என்ற பேச்சு எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக உண்டு.

இந்தச் சலுகை எதற்காகத் தரப்பட்டது என்பதை நம் இமாம்கள் காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். பாசியிலிருந்து நீரைக் காப்பது சிரமம் என்பதுதான் அக்காரணம். இதன் தொடர்ச்சியாக வரும் ஒரு நுட்பமான சட்டத்தை மாணவர்கள் வேகமாக ஓதிக் கடந்துவிடுவார்கள். நான் அங்கே நிறுத்துவேன். அதே பாசியை ஒருவர் எடுத்து, இடித்து, வேண்டுமென்றே நீரில் போட்டு, அதனால் நீர் பெரிதும் மாறிவிட்டால், அந்நீர் தூய்மைப்படுத்தும் தகுதியை இழக்கிறது. பாசி ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். மனிதன் கை வைத்த இடத்தில் சலுகை நின்றுவிடுகிறது. தவிர்க்க முடியாததற்கே விலக்கு என்றால், தவிர்க்கக் கூடியதைத் தவிர்ப்பது நம் கடமை என்றுதான் நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். ஃபத்வாவைச் சோம்பலுக்குத் தலையணையாக வைத்துக்கொள்ள இமாம்கள் அதை எழுதவில்லை.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையோரம். கோடையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு லாரிக்காகப் பெண்கள் காத்திருக்கும் ஊர். ஹவுள் பத்து முழத்துக்குப் பத்து முழம், அதாவது 15 அடிக்கு 15 அடி. ஹனஃபிகளின் ‘பெரிய நீர்நிலை’ அளவை முன்னோர்கள் எண்ணிக் கட்டியிருக்கக் கூடும். ஆழம் 3 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 19,000 லிட்டர். பாசி மிகுந்தால் மோட்டார் போட்டு முழுவதையும் வெளியேற்றிவிட்டு மீண்டும் நிரப்புவது வழக்கமாக இருந்தது. சுவரின் நுண்துளைகளில் பாசி உயிரோடு ஒட்டியிருக்கும். புது நீர் வந்த ஒரு வாரத்தில் மீண்டும் பச்சை.

சென்ற கோடையில், எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் சுப்ஹுக்கு ஒளு செய்யப்போய், ஹவுளின் விளிம்பிலிருந்த பாசியில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூடியது. ஹவுளை மண்ணிட்டு மூடிக் குழாய் வரிசை அமைப்பதே நல்லது என்று முத்தவல்லி உள்ளிட்ட பலர் கூறினர். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. குழாயில் பாசியும் இல்லை, கொசுவும் இல்லை. ஆனால் மின்சாரம் நின்றாலும் நூறு பேர் ஒரே நேரத்தில் சுற்றி அமர்ந்து ஒளு செய்யும் வசதி குழாயில் கிடையாது. திறந்துவிட்ட குழாயில் ஒருவர் செலவழிக்கும் நீரையும் நான் பல நாள் கவனித்திருக்கிறேன். “மூன்று மாதம் தவணை தாருங்கள், பிள்ளைகளை வைத்துச் சரிசெய்து காட்டுகிறேன்” என்று கேட்டேன். “ஹஜ்ரத் சொல்லுக்காகப் பார்ப்போம்” என்று முத்தவல்லி ஒப்புக்கொண்டார்.

பாசியின் விதை காற்றில் வருகிறது. அதைத் தடுக்க முடியாது. ஆனால் அது வாழ வெயில் வேண்டும், உணவு வேண்டும், அசையாத நீர் வேண்டும். உணவு என்பது பாஸ்பேட்டும் நைட்ரேட்டும். எங்கள் ஹவுளில் இவற்றை நாமே ஊட்டிக்கொண்டிருந்தோம். வேப்பமரத்துச் சருகு உதிர்ந்து அடியில் மக்கியது. மீன்களுக்கென்று குழந்தைகள் பொரி போட்டார்கள்; தின்றதுபோக மிச்சம் அழுகியது, மீனின் கழிவும் சேர்ந்தது. சிலர் சோப்புக் கையை அதிலேயே கழுவினார்கள். மேலே கூரை இல்லை. காலை முதல் மாலை வரை வெயில். பாசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் மீன்களை மதரஸா முற்றத்திலுள்ள சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினோம். குளோரின் மீன்களுக்கு நஞ்சு. பிறகு தேய்த்தோம். இந்த வரிசை முக்கியம். பாசியின் மேலுள்ள வழவழப்பு அதற்குக் கவசம். அதைக் கிழிக்காமல் எவ்வளவு மருந்திட்டாலும் மேற்பரப்பு வெளுக்குமே தவிர அடி சாகாது. ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் இருபது ஓதுபிள்ளைகள் பிரஷ்ஷும் தேங்காய் நாருமாக இறங்கினார்கள். சுவரின் மூலையில் கரும்புள்ளிகளாக இருந்த பாசிதான் மிகவும் படுத்தியது. அது சிமெண்டுக்குள் பிடி ஊன்றியிருக்கும். கம்பி பிரஷ் இல்லாமல் அசையாது. டைல்ஸ் பதித்த குளத்திலோ ஃபைபர் தொட்டியிலோ கம்பி பிரஷ்ஷை ஒருபோதும் வைக்கக் கூடாது. கீறல் விழும், அக்கீறலே அடுத்த பாசிக்கு வீடாகும்.

அடுத்தது கணக்கு. ஃபராயிள் கணக்குக்கு அழும் பிள்ளைகள் இதை ஆர்வத்தோடு போட்டார்கள். 1,000 லிட்டர் நீரில் 1 கிராம் குளோரின் கலந்தால் அது 1 பிபிஎம். பாசியைக் கொல்ல ஒருமுறை 10 பிபிஎம் அளவுக்கு ஏற்றினோம். 19,000 லிட்டருக்கு 190 கிராம் குளோரின். பஞ்சாயத்தில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். ஆகவே 630 கிராம் பவுடர். திறந்து பல மாதம் ஈரத்தில் கிடந்த மூட்டை என்றால் இந்த வீரியமும் இராது. பவுடரை நேரே கொட்டாமல், வாளி நீரில் சிறிது சிறிதாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். இஷாவுக்குப் பிறகே ஊற்றினோம். வெயில் குளோரினைத் தின்றுவிடும். பகலில் போட்ட மருந்தின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வீணாகும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல பள்ளிவாசல்களில் கழிப்பறை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இவ்விரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும். மோதினார் வேறு, துப்புரவு செய்பவர் வேறு என்றிருக்கும் இடங்களில் இது எளிதில் நேரக் கூடியது. இரண்டையும் வேறு வேறு அறைகளில் வையுங்கள்.

மறுநாள் காலையில் பச்சை நீர் சாம்பல் கலந்த வெண்மையாக மாறியிருந்தது. செத்த பாசி அது. அடியில் படிந்ததை மெல்ல உறிஞ்சித் தென்னை மரங்களுக்கு விட்டோம். குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை ஹவுளைக் கயிறு கட்டி மூடி வைத்தோம். ஒளுவில் வாய் கொப்பளிக்கிறோம், மூக்குக்கு நீர் செலுத்துகிறோம். அந்த அளவு குளோரினோடு அதைச் செய்யக் கூடாது. குளோரின் கலந்த நீரில் ஒளு கூடுமா என்று ஒருவர் கேட்டார். நகராட்சிக் குழாயில் வருவதும் குளோரின் கலந்த நீர்தான், அதில்தானே காலமெல்லாம் தொழுகிறோம் என்றேன். நீர் என்ற பெயரை மாற்றாத அளவுக்குச் சிறிதாகக் கலக்கும் தூய பொருள் தீங்கு செய்யாது என்பது கிதாபுகளில் உள்ளதே.

மூக்குக்கு நீர் செலுத்துவது பற்றிச் சொன்னேன். 2024-இல் கேரளத்தின் மலப்புறம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் அமீபா மூளைக்காய்ச்சலால் சிறார்கள் இறந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அமீபா மூக்கின் வழியாக மூளைக்கு ஏறுவதால் வருவது அந்நோய். குடிப்பதால் வருவதில்லை. கராச்சியில் குளத்து நீரில் இறங்காதவர்களுக்கும் அந்நோய் வந்ததால், ஒளு செய்யும் நீர் குறித்து அங்குள்ள மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பாசியே அந்த அமீபா என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் பாசியும் வண்டலும் குளோரினை விழுங்கி, கிருமிகளுக்கு ஒதுங்க இடம் தருகின்றன. அக்கிருமிகளே அமீபாவின் உணவு. சட்டப்படி தூய்மையான நீர் உடலுக்குப் பாதுகாப்பான நீராக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னதை ஆலிமிடம் கேளுங்கள். பின்னதைச் சோதனைக் குழாயில் பாருங்கள். எங்கள் பஞ்சாயத்துக்காரரிடம் உள்ள குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்திட்டால், மஞ்சள் நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளவு தெரிந்துவிடும்.

இச்செய்தி எப்படியோ பரவி, எங்கள் மதரஸாவில் முன்பு ஓதிய ஒருவர் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். ஊருக்கு வெளியே தோட்டத்தில் வீடு கட்டி, உயர்ந்த மதிலுக்குள் நீச்சல் குளமும் அமைத்திருக்கிறார். ஆடம்பரம் என்று ஊரில் பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய மனைவியும் மூன்று பெண் மக்களும் அந்நியர் கண் படாமல் நீந்தக் கற்ற இடம் அது. கடற்கரை ஊரில் பிறந்தும் நீந்தத் தெரியாத பெண்கள் எத்தனை பேர்! “ஹஜ்ரத், தண்ணீர் பச்சையாகிவிட்டது. பிள்ளைகள் இரண்டு மாதமாக இறங்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், குளோரினும் சரியாக இருப்பதாகக் காட்டுகிறது. என்ன செய்வது?” என்றார்.

நேரில் போய்ப் பார்த்தேன். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர், 40,000 லிட்டர். காவலாளி ட்ரைகுளோர் மாத்திரைகளை மிதவையில் இட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. இம்மாத்திரைகளில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் உண்டு. அது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் நல்ல பொருள்தான். ஆனால் குளோரின் செலவாகிப் போகும். அந்த அமிலம் போகாது. 10 பிபிஎம் குளோரின் சேரும்போதெல்லாம் ஏறத்தாழ 6 பிபிஎம் அமிலம் நீரில் தங்கிவிடுகிறது. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் போதுமான அது, அங்கே 100-ஐத் தாண்டியிருந்தது. அந்நிலையில் குளோரின் கட்டுண்டு கிடக்கும். சோதனையில் காட்டும், வேலை செய்யாது. காவலுக்கு நின்றவரே பூட்டிவிட்ட கதை.

இதற்கு மருந்தில்லை, நீரை மாற்றுவதுதான் வழி. நீரை வீணாக்காதீர்கள் என்று ஊரெங்கும் சொல்லும் நானே பாதிக் குளத்தை இறைக்கச் சொன்னேன். குளோரின் தணியட்டும் என்று மாத்திரைகளை எடுத்துவிட்டுச் சில நாள் வெயிலில் விட்டு, 20,000 லிட்டரையும் தென்னைக்கும் வாழைக்கும் நாலைந்து நாளாகப் பிரித்துப் பாய்ச்சினார்கள். நிரப்பிய பின் பிஎச் பார்த்தோம். 8-ஐத் தாண்டியிருந்தது. பாசி பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் ஏறும். பிஎச் ஏறினால் குளோரினின் வீரியம் குறையும், 7.5-இல் பாதி அளவு வேலை செய்யும் குளோரின், 8-இல் கால் பங்குகூடத் தேறாது. முதலில் அதை 7.2-க்கு இறக்கி, பிறகு சுவரைத் தேய்த்து, மாலையில் 65 விழுக்காட்டுக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டை 600 கிராமுக்குச் சற்று மேல் கரைத்து ஊற்றி, இரவு முழுவதும் ஃபில்டரை ஓடவிட்டோம். பாதி நீரை மாற்றியும் மிஞ்சிய அமிலத்தால், மறுநாள் மாலை அதே அளவை இன்னொரு முறை இட வேண்டியதாயிற்று. ட்ரைகுளோர் அள்ளிய கரண்டியால் இதை அள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பற்றும். காவலாளிக்கு இதை மூன்று முறை சொன்னேன். நான்காம் நாள் குளத்தின் அடித்தளம் தெரிந்தது. மாத்திரையைக் குறைத்து, நாள்தோறும் எட்டு மணி நேரம் ஃபில்டரை ஓட்டி, வாரம் ஒருமுறை நிழல் விழும் பக்கத்துச் சுவரைத் தேய்க்குமாறு சொல்லி வந்தேன். நிழலில் மஞ்சள் பொடிபோல் படியும் ஒருவகைப் பாசி உண்டு. பார்க்க மண்போல் இருக்கும், தொட்டால் கலையும், இரண்டு நாளில் திரும்ப வரும். அது வந்தால் பிரஷ், குளத்து உடை, பொம்மை எல்லாவற்றையும் சேர்த்தே குளோரின் நீரில் அலச வேண்டும்.

அக்குளத்தருகே ஜக்குஸி என்று சொல்லும் வெந்நீர்த் தொட்டியும் இருந்தது. மூடியிருந்தால் வெளிச்சமில்லாததால் அதில் பாசி குறைவு. ஆனால் சூட்டில் குளோரின் விரைவில் தீர்ந்துவிடும். குழாய்களுக்குள் கிருமிகள் சளிபோல் படியும். சிறிய தொட்டி என்பதால், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காலி செய்து கழுவுவதே எளிது.

மயில் துத்தம் போட்டால் பாசி உடனே சாகுமே என்று சிலர் கேட்கிறார்கள். சாகும். மீனும் சாகும், சுவரில் கறை விழும், அளவு மிஞ்சினால் நீரும் நஞ்சாகும். ஒளு செய்யும் நீரில் அதைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஹவுளுக்கு இப்போது மேலே தகரக் கூரை போட்டாகிவிட்டது. வெயில் பாதியாகக் குறைந்ததே பெரிய மருந்து. சிறிய பம்பு ஒன்று இரவில் நீரைச் சுழற்றுகிறது. பெரியவர் வழுக்கி விழுந்தது நீருக்குள் அல்ல, விளிம்பில். எனவே விளிம்புக் கல்லைச் சொரசொரப்பாகக் கொத்தி, பிடித்து இறங்கக் குழாய்க் கம்பி பதித்தோம். வியாழன்தோறும் பிள்ளைகள் விளிம்பைத் தேய்க்கிறார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்ற ஹதீஸை அன்றைய பாடமாக வைத்தேன். அந்தப் பெரியவர் ஊன்றுகோலோடு பள்ளிக்கு வரத் தொடங்கியிருக்கிறார். ஒளுவை வீட்டிலேயே செய்துவிட்டு வருகிறார்.

மூன்று மாதத் தவணை முடிந்தது. ஹவுளை மூடுவதா வேண்டாமா என்ற முடிவை ரமளானுக்குப் பின் எடுக்கலாம் என்று ஜமாஅத் ஒத்திவைத்திருக்கிறது. மீன்களை எப்போது திரும்ப விடுவீர்கள் என்று மக்தபுக்கு வரும் சிறுவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். நீரில் குளோரின் இருக்கும்வரை விட முடியாது என்று சொல்லியிருக்கிறேன். பொரியை இப்போது முற்றத்துத் தொட்டியில் போடுகிறார்கள்.